அடித்தவர்கள் வீட்டுக்கே கேட்கப் போன டிரஸ்ஸர்

“இன்னும் யார் வரணும் தம்பி?”

வாயெல்லாம் ரத்தமாக, என் அக்காள் புருஷன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். பாடை கட்ட வெட்டி வைத்திருந்த மூங்கில் ஒன்று என் கையில் இருந்தது. அதை ஓங்கியிருந்தேன். அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சாகப்போகிற நேரத்தில் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். மூங்கிலை இறக்கினேன். முருங்கைக் கிளை ஒடிகிறதுபோல அவருடைய வலது மணிக்கட்டு ஒடிந்தது.

அவர் பெயர் சூசைமாணிக்கம். கடலூரில் ஒரு தரும ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், அதாவது காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுப் போடுகிறவர். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கலாம். ஆனால் அவர் கையை ஒடித்தவன் நான் என்பதால் நான்தான் எழுத வேண்டும்.

அவர் பிறந்தது கடலூர் முதுநகரில். அப்பாவுக்குச் சுண்ணாம்புக் காளவாயில் வேலை. சூசைமாணிக்கத்துக்குப் பத்து வயதானபோது, தண்ணீர் விட்டு நீற்றுகிற சுண்ணாம்பு கொதித்துத் தெறித்து அப்பாவின் இரண்டு கண்களும் வெந்துபோயின. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், கோலின் ஒரு முனையை அப்பாவும் மறு முனையை மகனும் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் அதே கோலால் அடிப்பாராம். “கண்ணுதான் தெரியாது. குறி ஒரு நாளும் தப்பினதில்ல” என்று பின்னாளில் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்து, கட்டுப் போடக் கற்றுக்கொண்டார். 1965ஆம் வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு கண் டாக்டர் அங்கே வந்தார். இறந்தவர்களின் கண்ணை எடுத்துப் பார்வை இல்லாதவர்களுக்கு வைக்க முடியும் என்றும், அதற்கு இறந்தவரின் வீட்டாரிடம் கேட்க ஆட்கள் வேண்டும் என்றும் சொன்னார். எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் பாடம் நடத்தினார்.

“அழுவுறவன்கிட்ட போயி கண்ணைக் குடுன்னு கேட்டா செருப்பால அடிப்பான் சார்” என்றார் ஒரு கம்பவுண்டர்.

“அடிச்சா வாங்கிக்கணும்” என்றாராம் டாக்டர். மறுநாள் வகுப்புக்குப் பாதிப் பேர் வரவில்லை. சூசைமாணிக்கம் போனார். அப்பாவை நினைத்துக்கொண்டு போனேன் என்றார்.

நின்றுகொண்டு கேட்காதே, பக்கத்தில் உட்கார். பிணம் என்று சொல்லாதே, பெயரைச் சொல். அவர்கள் ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகு பேசு. பொய் சொல்லாதே. இவ்வளவுதான் பாடம். கூடவே ஒரு தாளும் கொடுத்தார்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்று அதில் இருந்தது. மனைவி இறந்தால் கணவன். சூசைமாணிக்கம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். வந்த வினை அந்த ஒரு வரியால்தான்.

என் அக்கா ஞானாம்பாள் 1966 ஆடி மாதம் அந்த ஆஸ்பத்திரியில் இறந்தாள். வயது இருபத்துநாலு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இருதயத்தில் கோளாறு. அவளை முதுநகரில் சைக்கிள் கடை வைத்திருந்த தில்லைநாதனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். எங்கள் வீடு சிதம்பரத்தில். அண்ணாமலை நகர் போகிற ரோட்டில் என் அண்ணன் பழனிவேல் விறகு பிளந்து விற்கிற தொட்டி வைத்திருந்தான். அப்பா இல்லை. நான் அந்த வருஷம்தான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, வேலையும் இல்லாமல், வீட்டில் உட்காரவும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அக்கா காலை ஆறு மணிக்கு இறந்திருக்கிறாள். தில்லைநாதன் மாமா எங்களுக்குத் தந்தி அடித்துவிட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். சூசைமாணிக்கம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, பாடத்தில் சொன்னபடியே கேட்டிருக்கிறார். ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். எடுத்த கண்ணை ஐஸில் வைத்து மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும்; பகல் ரயிலை விட்டால் ஐஸ் தாங்காது. மாமா அழுதுகொண்டே சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரி டாக்டர் கண்களை எடுத்தார். சூசைமாணிக்கம் குழியில் பஞ்சு வைத்து இமையை மூடி, முகத்தைத் துடைத்து, தூங்குகிறவள்போல ஆக்கி அனுப்பினார். கண்கள் தெர்மாஸ் பிளாஸ்கில் மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிட்டன.

எங்களுக்குத் தந்தி வந்தபோது மணி பத்து. அண்ணன் விறகு எடுக்க எங்கோ போயிருந்தான். ஆளனுப்பிவிட்டு, அம்மாவும் நானும் நாலைந்து சொந்தக்காரர்களும் கோடிப் புடவையோடு பஸ் ஏறினோம். கட்டிக் கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டுக் கோடி போடாமல் எங்கள் பக்கத்தில் எடுக்க மாட்டார்கள். கோடி போடுவதற்கு முன்னால் பிறந்த வீட்டுப் பெண்கள் தலைக்கு எண்ணெயும் சீயக்காயும் வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் துடைத்து அனுப்பியதோடு எல்லாம் முடிந்தது என்று சூசைமாணிக்கம் நினைத்திருக்கிறார். மாமாவுக்கு இது தெரியும். ஆனால் அம்மாவைப் பார்த்ததும் கண் எடுத்ததைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

என் அம்மா சின்னம்மாள் அக்காவின் தலையில் சீயக்காயைத் தேய்த்து, மூன்றாவது குடத்தை ஊற்றினாள். இமை உள்ளே போயிற்று. ரத்தத்தில் ஊறிய பஞ்சு கன்னத்தில் வழிந்து வந்தது.

அம்மா போட்ட சத்தத்தில் வாசலில் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டான்.

“பாவி, கண்ணைத் தோண்டிக் கொன்னுட்டானே!”

எங்களுக்கு அது உடனே நிஜமாகத்தான் தோன்றியது. காரணம் இருந்தது. போன வருஷம் இதே மாமா அடித்து, உதடு கிழிந்து வந்த அக்கா மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். சமாதானம் பேசி நாங்களே திருப்பி அனுப்பினோம். நான் மாமாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்து முற்றத்தில் தள்ளினேன். எல்லோரும் மிதித்தார்கள். “நான் இல்ல, ஆஸ்பத்திரியில கேட்டாங்க, குடுத்தேன்” என்று அவர் கத்தினார். குடுத்தேன் என்ற சொல்லைக் கேட்டதும் அடி அதிகமாயிற்று. பெண்டாட்டியை அடித்தவன், அவள் கண்ணைத் தூக்கிக் கொடுக்க யார்?

அப்போதுதான் சூசைமாணிக்கம் வந்தார். வேலை முடிந்ததும், கண் கொடுத்த வீட்டுக்கு மாலையோடு போவது அவர் வழக்கம். கூட்டத்தைப் பிளந்து உள்ளே நுழைந்து, மாமாவின் மேல் விழுந்தார்.

“கேட்டது நான்தாங்க. இவரை விட்டுருங்க. நீங்க அவுங்க அம்மா வீடா?”

எவனோ அவர் வாயில் உதைத்தான். இரண்டு பல் விழுந்தது. அவர் தலையைத் தூக்கி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் மணிக்கட்டை ஒடித்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் லாரியில் வந்தது. அண்ணன் பழனிவேல் தொட்டி ஆட்கள் நாலு பேரோடு குதித்து இறங்கினான். கையில் விறகு பிளக்கிற கோடாலி. அக்கா முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு மாமாவின் மார்பில் முழங்காலை வைத்து, கட்டை விரலை அவர் இடது கண்ணில் அழுத்தினான். மாமா ஊளையிட்டார். சூசைமாணிக்கம் இடது கையால் அண்ணன் விரலைப் பிடித்து இழுத்தார். அண்ணன் கோடாலிக் காம்பால் அவர் முதுகில் போட்டான். அவர் விரலை விடவில்லை.

தடுத்தது அம்மாதான். இரக்கப்பட்டு அல்ல.

“டேய், பொழுது சாயுது. அவளை மொதல்ல அனுப்பு. வெட்டுறதை அப்பறம் வச்சுக்க.”

அண்ணன் எழுந்தான். கோடிப் புடவையிலிருந்து ஒரு துண்டு கிழித்து, அம்மா அக்காவின் கண்களைக் கட்டினாள். அண்ணன் எல்லோர் முன்னாலும் மாமாவைப் பார்த்துச் சொன்னான்:

“கருமாதிக்கு வருவேன். எந்தங்கச்சிக்கு இல்லாத கண்ணு உனக்கு எதுக்கு? பதினாறாம் நாளு ரெண்டையும் எடுத்துக்கிட்டுத்தான் போவேன். ஓடினாலும் விட மாட்டேன்.”

என் அண்ணன் சொன்னால் செய்கிறவன். அது முதுநகரில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருந்தது. மாமா கடையைப் பூட்டிவிட்டு உள்ளேயே கிடந்தார். போலீஸ் கேஸ் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சூசைமாணிக்கத்தை வற்புறுத்தினார்கள். “அடிச்சாங்க, நிஜம். கேஸ் வேணாம். கேஸ் போட்டா அந்த ஆளு ஜெயிலுக்குப் போயிட்டு வந்து கண்ணை எடுப்பான். நான் போயி கேக்கறேன்” என்றாராம். இன்னும் என்ன கேட்கப் போகிறார் என்று யாருக்கும் புரியவில்லை.

ஐந்தாம் நாள் அவர் எங்கள் விறகுத் தொட்டியில் வந்து நின்றார். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. அண்ணன் பிளந்துகொண்டிருந்தான்.

“இன்னாய்யா, மிச்சத்தையும் வாங்கிட்டுப் போலாம்னு வந்தியா?”

“கேக்க வந்தேன். கண்ணு எடுக்கறதுக்கு முன்னாடி உங்க அம்மாவக் கேட்டிருக்கணும். கேக்கல. அதான் இப்ப கேக்கலாம்னு...”

அண்ணன் ஒரு விறகுக் கட்டையை வீசினான். அது முழங்காலுக்குக் கீழே பட்டுத் தோலைக் கிழித்தது. அவர் நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். தொட்டி ஆட்கள் பின்னாலேயே போய், “கண்ணு வாங்கறது! பழைய கண்ணு வாங்கறது!” என்று கூவிச் சிரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் மறுபடியும் வந்தார். அண்ணன் அப்போது இல்லை. நான் வீட்டுக்கு எதிரே வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்ததும், “தம்பி, அம்மா இருக்காங்களா?” என்றார். ஏதோ சொந்தக்காரரைப் போல அவர் கேட்டது எனக்கு ஆத்திரமாக இருந்தது. பிடித்து வாய்க்காலில் தள்ளினேன். ஆடித் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. மாவுக்கட்டு ஊறினால் எலும்பு கோணலாகக் கூடிவிடும் என்பதால் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் நீந்தப் பார்த்தார். முடியவில்லை. முங்கினார். மாவுக்கட்டு மட்டும் வெள்ளையாகத் தண்ணீருக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. நான் ஒடித்த கை. எதற்காக என்று யோசிக்காமல் குதித்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன்.

அவர் தண்ணீரைக் கக்கிவிட்டு, “சொல்லு தம்பி, அம்மா இருக்காங்களா?” என்றார்.

அன்று அவர் ஈரத்தோடு போய்த் தட்டியும் அம்மா கதவைத் திறக்கவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதிமூன்றாம் நாள் அவர் மூன்றாவது தடவையாக வந்தபோது, அம்மாவே கதவைத் திறந்தாள். ஊறிப்போன மாவுக்கட்டை மாற்றி இப்போது வேறு கட்டு. அது கொஞ்சம் கோணலாக இருந்தது.

“உக்காரு” என்றாள்.

அவர் அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். “தண்ணி குடிச்சீங்களாம்மா?”

“எனக்கு எதுக்கு? நீதான் வாய்க்கால்ல வயிறு முட்டக் குடிச்சியே.”

அவர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறவர்போல மெதுவாகச் சொன்னார்: “ஞானாம்பாள் செத்துப்போயிட்டாங்க. அவுங்களுக்குக் கண்ணு ரெண்டும் நல்லா இருந்துச்சு. கண்ணு தெரியாதவங்களுக்கு அதை வைக்கலாம். நீங்க பெத்தவங்க. குடுக்கறீங்களா?”

“மாட்டேன்னு சொன்னா?”

“அப்ப நான் திருடன்மா. திருடனை இன்னா பண்ணணுமோ பண்ணுங்க. ஆனா திருடினது நான். உங்க மருமகன் இல்ல. அவரு கண்ணை விட்டுடச் சொல்லுங்க.”

“இப்ப அவ கண்ணு யாருகிட்ட இருக்கு?”

“தெரியாது. எனக்கும் சொல்ல மாட்டாங்க. வச்சுப் பார்வை வந்துச்சா, வரலியா, அதுவும் தெரியாது. வந்துச்சுன்னு சொன்னா பொய்யி.”

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அண்ணன் வந்துவிடுவானோ என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“அவன் எதுக்குக் குடுத்தான்?” என்றாள் அம்மா.

சூசைமாணிக்கம் தயங்கினார். உண்மையைச் சொன்னால் மாமாவுக்கு ஆபத்து என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னார்.

“அன்னிக்கு வராந்தாவுல அழுதாரு. ‘நான் இவளைக் கைநீட்டி அடிச்சிருக்கேன் சார். இவளுக்குன்னு நல்லது ஒண்ணுகூட செஞ்சதில்ல. இதையாவது செய்யறேன்’னாரு. அந்த அவசரத்துல நானும், வேற யாரு வரணும்னு கேக்காம தாளை நீட்டிட்டேன்.”

அக்கா செத்த அன்று அலறியதோடு சரி, அதற்குப் பிறகு அம்மா அழவே இல்லை. அப்போது அழுதாள். தலையைத் தரையில் மோதிக்கொண்டு அழுதாள். சூசைமாணிக்கம் தன் இடது கையை அவள் நெற்றிக்கும் தரைக்கும் நடுவில் வைத்தார். அந்தக் கையின் மேல் மோதி மோதி ஓய்ந்தாள்.

பிறகு எழுந்து, “தாளை எடு” என்றாள். சோற்றுப் பானையின் அடிக்கரியில் கட்டை விரலைத் தேய்த்து, அவர் நீட்டிய சம்மதத் தாளில் பதித்தாள்.

“அன்னிக்குக் கேட்டிருந்தா குடுத்திருப்பனான்னு தெரியாது டிரஸ்ஸரே. ஒதச்சுத்தான் அனுப்பியிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்.”

“ஆமாம்மா” என்றார் அவர்.

பதினாறாம் நாள் முதுநகரில் கருமாதி. அண்ணன் கோடாலியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். பந்தலில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். ஓடவில்லை. அவருக்குப் பக்கத்தில் சூசைமாணிக்கம். அண்ணன் சாக்கை உதறினான். கூட்டம் சிதறியது. அம்மா அவனுக்கும் மாமாவுக்கும் நடுவில் வந்து, கைநாட்டு வைத்த தாளை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“இன்னா இது?”

“என் கைநாட்டு. இவன் வந்து கேட்டான், நான் குடுத்தேன். நான் குடுத்ததுக்கு நீ யாரை வெட்டுவ?”

“செத்துப் பதிமூணு நாள் கழிச்சுக் குடுத்தியா? உனக்குப் பைத்தியமா?”

“பெத்தவ நானு. எப்ப வேணா குடுப்பேன். வெட்டணும்னா என்னை வெட்டு.”

அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. கோடாலியை ஓங்கினான். அம்மா நகரவில்லை. முழு பலத்தோடு பந்தல்காலில் வீசினான். கால் முறிந்து, கீற்றுப் பந்தல் பாதி சரிந்து ஐயர் மேலும் நாவிதர் மேலும் விழுந்தது. கோடாலியை அங்கேயே விட்டுவிட்டு, அண்ணன் ரோட்டைப் பார்த்து நடந்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவன் வரவில்லை. மாமாவின் கண்ணையும் தொடவில்லை.

அம்மா திரும்பி மாமாவைப் பார்த்தாள். அவர் கும்பிட்டார். அவள் ஓங்கி ஒரு அறை விட்டாள். பந்தலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

“இது அவளை அடிச்சதுக்கு.”

மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, சரிந்த பந்தலைத் தூக்கி நிறுத்தப் போனார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

சூசைமாணிக்கத்தின் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. பிடி நிற்பதில்லை. கட்டுப் போட முடியாத டிரஸ்ஸரை என்ன செய்வது என்று ஆஸ்பத்திரியில் யோசித்துவிட்டு, புதிதாக வருகிற நர்ஸுகளுக்கும் கம்பவுண்டர்களுக்கும் கேட்கிற முறையைச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். சம்பந்தப்பட்டவன் என்று அவர் கூப்பிட்டதால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானும் அங்கே போகிறேன். செத்தவளின் தம்பியாக நடிப்பது என் வேலை. முதல் நாள் நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. என் பெயரைச் சொல்லி அதட்டினார்.

“கொளஞ்சி, கூத்துக் கட்டாத. அன்னிக்கு எப்படி வந்தியோ அப்படி வா.”

அதற்குப் பிறகு நாற்காலியைத் தூக்கிப் போடுகிறேன். சட்டையைப் பிடிக்கிறேன். கெட்ட வார்த்தை பேசுகிறேன். போன மாதம் ஆரோக்கிய ராணி என்கிற புது நர்ஸ் என் கத்தலில் நடுங்கிப்போய், பாடத்தை மறந்து நின்றுவிட்டாள். பிறகு அவளாகவே தரையில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொல்லி, தண்ணீர் டம்ளரை நீட்டிவிட்டு, “இன்னும் யார் வரணும்ணே?” என்று கேட்டாள்.

நடிப்பு என்பது மறந்துபோயிற்று. “எங்க அண்ணன் வரணும். அம்மா குளிப்பாட்டணும்” என்றேன்.

“அப்ப காத்திருக்கலாம்” என்றாள் அவள்.

“அதுக்குள்ள நேரம் போயிடுமே?” என்று ஒரு கம்பவுண்டர் கேட்டார்.

“போவும்” என்றார் சூசைமாணிக்கம். “போயிருக்கு. ரெண்டு தடவை என் கண் முன்னாடியே போயிருக்கு. அன்னிக்கெல்லாம் எனக்குத் தூக்கம் வராது. இருந்தாலும் காத்திருக்கணும்.”

அவர் ஒடிந்த கையால் கரும்பலகையில் எழுத முடியாது. அந்தக் கேள்வியை அன்று என்னை எழுதச் சொன்னார். எழுதினேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாசித்ததோடு விட்டுவிடாதீர்கள். என் அம்மாவைப்போல வாசிக்கத் தெரியாதவர்கள் உங்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்களிடம் சத்தமாகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவரிடம் அவசியம் சொல்லுங்கள். கோபத்தில் கையை ஓங்குகிற தம்பி எந்த வீட்டிலாவது இருந்தால், அவனிடம் முதலில் சொல்லுங்கள்.